ஜாம் பாட்டிலில் பதினொரு பூச்சிகள்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் பேச்சுக் கேட்பதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், பிஸ்கட்டைச் சாப்பாட்டில் சேர்க்காதே.

இப்போது உட்கார்ந்து படி. நாங்கள் தோட்டத்திலிருந்து அனுப்பிய புல் அந்துப்பூச்சிகளில் கறுப்பு எல்லாருக்கும் தெரிந்த இனம், வெளிர் நிறத்தது உலகத்துக்கே புதிது, கட்டுரை அடுத்த மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது, பூச்சிக்கு உன் பெயர்தான் அம்மா என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தையல் கடைக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொல்லியாயிற்று, எதிர்வீட்டு டீச்சர் என்னைப் பூச்சியம்மா என்றே கூப்பிடுகிறாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் குளியலறை ஜன்னலில் உன் கறுப்பும் உன் வெளிரும் வாலோடு வால் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன! அப்பாவைக் கூப்பிட்டால், அதுங்க குடும்ப விஷயம், நமக்கென்ன வேலை, கதவச் சாத்திட்டு வா என்கிறார். நான் விடுவேனா, டம்ளரைக் கவிழ்த்தேன். இறக்கை ஓரத்தில் இரண்டுக்கும் ஒரே வளைந்த கோடு, ஒரே துணித் தானில் வெட்டிய துண்டுகள் தையல்காரி எனக்குத் தெரியாதா? வெளிர் முட்டை போட்டது, ஜாம் பாட்டிலில் வைத்துப் புழுக்களுக்குத் தினமும் புல் மாற்றினேன், அப்பா பேரப்பிள்ளைகள் எழுந்தாச்சா என்று கேலி செய்தார். நேற்றோடு பதினொன்றும் கூட்டை விட்டுப் பூச்சியாக வெளியே வந்துவிட்டன, ஆறு கறுப்பு, ஐந்து வெளிர். உன் புது இனம் அந்தக் கறுப்பனின் பெண்டாட்டிதானடி. விளக்கடியில் அப்பா பிடித்த கறுப்பெல்லாம் ஆண், புல்லில் நான் பிடித்த வெளிரெல்லாம் பெண், தனித்தனி டப்பாவில் அனுப்பி உன்னைக் குழப்பியது நாங்கள்தான்.

ஆறு வாரம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பாய். உறுதியாகத் தெரியட்டும் என்று சொல்லிக்கொண்டேன், அது பாதிதான் உண்மை. எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்திருந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்பா இப்போதும், புள்ள மனசு உடைஞ்சிடும், வேற யாராவது சொல்லட்டும் என்கிறார். வேறு யாரோ நாலு பேர் நடுவில் சொல்லி நீ தலைகுனிந்து நிற்பதை என்னால் தாங்க முடியாது. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் பூச்சிகளோடு இதையும் கூரியரில் அனுப்புகிறேன்.

அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, கட்டுரையை உடனே நிறுத்து, மறந்துவிடாதே. அழுகை வந்தால் அழு, பிறகு சாப்பிடு, பிறகு திருத்தி எழுது. நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. என் பெயர் எந்தப் பூச்சிக்கும் வேண்டாம், உனக்குப் பெயர் வைத்தவள் நான், எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா