ஓடாத சைக்கிள்

செவ்வாய், இரவு.

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு எனக்கு நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், குறைந்திருக்கிறது. பஸ் காசும் மிச்சம். கண்டியில் பேராதனை வீதியோரம் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு நாங்கள் எழுதிய மனுவில் கையெழுத்துப் போட மறுத்தவர் எங்கள் மேனேஜர். "கண்டி ரோட்டுல எங்க இடம், மிஸ்?" என்றார்.

இன்று ஊழியர் நலனுக்கென்று உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். அதை வைப்பதற்காக, அலுவலகப் படிக்கட்டின் கீழ் நின்ற என் சைக்கிளை வெளியே மழையில் தள்ளிவிட்டார்கள்.

"இதுல பயமில்லாம மிதிக்கலாம் மிஸ், ஒடம்புக்கு நல்லது" என்று சிரிக்கிறார்.

வீடு திரும்பும்போது ஒரு பஸ் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. எரிகிறது.

நாளை அந்த உடற்பயிற்சி சைக்கிளில் ஏறுவோர் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாம். ஏற மாட்டேன். என் சைக்கிளை அதன்மேலேயே சாத்தி வைப்பேன். மேனேஜர் கேட்கட்டும், பார்க்கிறேன்.