மேடையில் சேர்ந்த குடும்பம்

ஜூன் 3, செவ்வாய்
சிப்காட்டில் கரண்ட் இல்லை, அரை ஷிப்டோடு விட்டுவிட்டார்கள். பஸ் பிடித்துத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். என் கணவர் இம்மானுவேலை மதுரைப் பக்கத்து முகாமிலிருந்து இங்கே கும்மிடிப்பூண்டி முகாமுக்கு மாற்றச் சொல்லும் மனு, கல்யாணமான வருஷம் கொடுத்தது. மகள் ஏஞ்சலுக்கு நாலு வயசாகிறது. "பரிசீலனைல இருக்கும்மா." நாங்கள் இருவருமே இந்தியாவில், ஆளுக்கொரு இலங்கை அகதி முகாமில் பிறந்தவர்கள். நடுவில் கடல்கூட இல்லை, ஒரு கையெழுத்துதான்.

ஜூன் 9
கட்சிக்காரர் துளசிராமன் வந்தார். "இன்னாம்மா ஜெபா, உன் ஊட்டுக்காரரு வர்றாரு! அமைச்சரு கையால ஆர்டரு. பட்டுப்பொடவ கீதா?" ஏழு குடும்பங்களைச் சேர்த்துவைக்கிறார்களாம். அழுதுவிட்டேன்.

ஜூன் 14, சனி
விழா. அமைச்சர் ஏஞ்சலைத் தூக்கினார். அவள் அவர் துண்டில் மூக்கைத் துடைத்தாள். "கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, புருஷன் பொண்டாட்டி மாதிரி" என்றார் போட்டோகிராபர். மாதிரியா?

கீழே இறங்கி அமைச்சர் தந்த உறையைப் பிரித்தால் வாழ்த்து மடல். ஆர்டர் எங்கே என்று துளசிராமனைக் கேட்டேன். "அது பின்னாடியே வரும்மா. அவர திரும்பிப் போற வேன்ல ஏத்து. வாடகைக்குப் பேசிக்கினு வந்த வண்டி."

ஜூன் 15
சுவரெல்லாம் போஸ்டரில் நாங்கள்தான். 'பிரிந்தவர் கூடினர்.'

ஜூன் 17
விழா நடந்த அதே சனிக்கிழமை அவர் முகாமில் செக்கிங்காம். அன்று ஆள் நேரில் நிற்காவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள், சாவு வீடானாலும் சரி. இது தெரியாத முகாம்காரர் உண்டா? சந்தோஷத்தில் இருவருமே மறந்து தொலைத்தோம். திரும்பிப் போனவர் அங்கே அதிகாரிகளிடம் போனில் போஸ்டர் படத்தைக் காட்டிக் கெஞ்சியிருக்கிறார். "அதான் அங்க சேந்துட்டீங்களே" என்று வெட்டிவிட்டார்களாம். இங்கே முகாமைப் பார்க்கும் ஆர்.ஐ. சொல்கிறார்: "ஆர்டர் இல்லாம எப்டிம்மா பேர் சேக்கறது?"

அடப்பாவிகளா!

ஜூன் 24
டிவியில் நாறிவிட்டது. ஏழு குடும்பத்து ஆட்களையும் விழா அன்று மாலையே திருப்பி அனுப்பியது வெளியே வந்துவிட்டது. சட்டசபையில் வெளிநடப்பு. இம்மானுவேலைப் பற்றிக் கேட்டதற்கு அமைச்சர், "அப்படி ஒருவர் எந்த முகாமிலும் இல்லை" என்றார். முதல்முறையாக உண்மை பேசியிருக்கிறார்.

துளசிராமன் ஓடிவந்தார். "டிவிக்காரன் வந்தா, ஊட்லதான் கீறாருன்னு சொல்லிடும்மா."
"மொதல்ல அவர அனுப்பி வைங்கண்ணா, சொல்றேன்."

ஜூலை 6, ஞாயிறு
அனுப்பவில்லை. எந்த முகாமிலும் இல்லாதவன் எங்கே இருந்தால் என்ன என்று அவரே பஸ் ஏறி வந்துவிட்டார். காலையில் ஏஞ்சலுக்குக் கோணலாகத் தலை பின்னினார். எனக்குச் சிரிப்பும் பயமுமாக இருக்கிறது. பேர் இல்லாத ஆளை முகாமில் வைத்திருப்பது குற்றம். அதனால் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

மதியம் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி, "எங்கப்பா இங்க இல்ல!" என்று கத்தினாள். வந்தது தண்ணீர் லாரி. "சரி பாப்பா" என்றார் டிரைவர்.