கொடி நித்திரை கொள்ளுது

என்ர அத்தான்,

எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிரோ? சண்டையால் ஊருக்குப் போட்ட கடிதமே மூன்று மாதமாகப் போய்ச் சேரவில்லை. இது எங்கே வந்து சேரப் போகிறது?

சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனில் வாடகைக்கு எடுத்த தோட்டத்தில் நீங்கள் வைத்த முந்திரிகைக் கொடியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சூரிச் கடையில் திராட்சை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதட்டும், எங்களுக்கு முந்திரிகைதான்.

அந்தக் குச்சி வந்த கதை நினைவிருக்கிறதோ? பக்கத்துத் தோட்டத்துச் சுவிஸ் கிழவர் தந்ததை, வீட்டுச் சட்டியில் வேர் பிடிக்க வைக்க, ஈரக் கடதாசியில் சுற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். டிக்கெட் பார்க்க வந்தவன் அது என்ன என்று கேட்டான். "என்ர பிள்ளை. சின்னப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம்தானே?" என்றீர்கள். பிள்ளையில்லாத வீட்டில் அக்கா அதை ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நீங்கள் போன பிறகு, போன புரட்டாதியில் அது முதல்முதல் காய்த்தது. ஏழு குலை. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஊரிலை செய்யிற மாதிரிச் செய்வம் அக்கா. தையிலை அத்தான்ரை திவசத்துக்கு இந்தக் கொடிப் பழமே படைக்கலாம்" என்று பெரிதாகக் கதைத்தேன். குலை பறித்த கையோடு கொப்பெல்லாம் ஒட்ட வெட்டி, இலை உருவி, எரு போட்டுத் தண்ணீர் விட்டேன். ஊரில் அப்படிச் செய்தால் திரும்பக் காய்க்கும். இங்கேயும் தளிர்த்தது. அக்கா தளிரைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு விடியல் உறைபனி விழுந்தது. எல்லாம் கறுத்துப் போனது.

கிழவர் அடிமரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பச்சை இல்லை. "அது நித்திரைக்குப் போற நேரம். ஏன் எழுப்பினாய்?" என்றார்.

அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். "கொடி நித்திரை கொள்ளுது அக்கா" என்றேன். இப்போது வைகாசி. எல்லாத் தோட்டத்திலும் இலை வந்துவிட்டது. ஞாயிறுதோறும் அக்கா அடியில் குந்தியிருந்து, "இன்னும் எழும்பேல்லையோ?" என்று அதனிடமே கேட்கிறார். வெட்டின கொப்பில் மூன்றைத் தண்ணீரில் வைத்திருந்தேன். மூன்றும் அழுகிவிட்டன. கிழவர் வேறு குச்சி தருகிறேன் என்கிறார். அது நீங்கள் வைத்ததாகுமோ அத்தான்?

இனிப் பொய் இல்லை. இன்றைக்கு அந்தக் கொடியடியில் வைத்து, கொன்றது நான்தான் என்று என் வாயால் சொல்லுவேன். உங்கள் மேல் சத்தியம்.

அக்கா வாசலில் நின்று கூப்பிடுகிறார். "தம்பி, பஸ் வரப்போகுது, கெதியா வா! இண்டைக்கு எழும்பியிருக்கும்."

வாறன் அக்கா. தண்ணீர்ப் போத்தலும் கையுமாக நிற்கிறார் அத்தான், நான் எப்படி இவவிடம்...

உங்கள் மச்சான்