நீ எனக்கு அனுப்பாத வீடியோக்கள்

என் அன்பான அம்மாவுக்கு,

நீ போன இடத்தில் இது கேட்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. என்னை உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு சண்டை மிச்சம் இருக்கிறது, அதை உன்னோடுதான் போட வேண்டும்.

போன வாரம் பாலக்காட்டிலிருந்து பீர்மேட்டுக்குப் போயிருந்தேன். உனக்கு நான் வாங்கித் தந்த லேப்டாப் இப்போது ஊர்ந்துதான் திறக்கிறது. தம்பி மனைவி ராணி தையல் பழகுகிறாள். பிளவுஸ் வெட்டும் வீடியோ பார்க்க அவளுக்கு அது வேண்டும். "எல்லாத்தையும் தொடச்சிட்டு விண்டோஸ் புதுசாப் போட்டுத் தாங்க மதினி" என்றாள்.

அழிப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். இந்த ஒரு தடவை பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் நிற்காது. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நீ பேசுவாய், ராணி அதைப் பதிவு செய்து, சிக்னல் வரும்போது எனக்கு அனுப்புவாள். கோவிலுக்குக் கட்டும் சேலை, படிய வாரிய தலை. "நல்லாருக்கியாம்மா? வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் காப்பாத்துவார்." அவ்வளவுதான். நீ பேச்சுக் குறைந்தவள், நான் உன்னைக் கொண்டு பிறந்தவள் என்று நினைத்திருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

லேப்டாப்பில் கிடந்தவை எனக்கு அனுப்பாதவை. சரியாக வராதவை. ராணி அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்தவை.

ஒன்றில் பல்செட் போட மறந்து உட்கார்ந்திருக்கிறாய்.

"அத்தே, பல்லு எங்க?"

"சட்டியில மீன் கொதிக்குல்லா ஏட்டி, பல்லு அங்க முந்திப் போயிருச்சு."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிக்கிறாய். பிறகு திடீரென்று நிமிர்ந்து, "வேற எடு. அவ காலேஜ் டீச்சருல்லா, இதப் பாத்தா மார்க்கக் கொறச்சிருவா" என்கிறாய்.

நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. படிக்கப் போன பிறகு என்னை நீ 'ஏட்டி' என்று கூப்பிட்டதும் இல்லை. மார்க்கைக் குறைப்பேன் என்று உனக்கு யாரம்மா சொன்னது?

ராணி அடுப்படியிலிருந்து, "என்ன மதினி, இன்னும் தொடைக்கலயா?" என்றாள்.

"இதெல்லாம் உனக்கு வேண்டாமா?"

எட்டிப் பார்த்தாள். "ஐய, இது வேஸ்ட்டு. நல்லதெல்லாம் ஒங்களுக்கு அனுப்பியாச்சே! அழிச்சிருங்க."

எனக்குச் சுருக்கென்றது. உன்னை அன்றாடம் பார்த்தவளுக்கு வீடியோ எதற்கு? அழித்துவிடு என்று சொல்ல அவளால் முடிகிறதே, அதில்தான் எனக்குப் பொறாமை. கடைசியில் உன்னைக் குளிப்பாட்டியதும் கஞ்சி ஊட்டியதும் அவள்தான் என்று தெரியும். தெரிந்தால் பொறாமை குறைய வேண்டும். குறையவில்லை.

அத்தனையையும் என் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, பிறகு ஹார்டு டிஸ்க்கைத் துடைத்தேன். இனி இந்தச் சிரிப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

பாலக்காட்டில் என் கல்பாத்தி வீட்டுக்குத் திரும்பி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். உனக்கு அனுப்பிய பதில்களை நான் எப்படி எடுத்தேன் என்று அப்போதுதான் யோசித்தேன். புத்தக அலமாரி தெரிய உட்கார்வேன். திணறினால் அழித்துவிட்டு மறுபடி எடுப்பேன். ஒரு தடவை பாதியில் விக்கல் வந்து நிற்கவே இல்லை. அதை அனுப்பியிருந்தால் என்னையும் 'ஏட்டி' என்றிருப்பாயோ?

நேற்று ராணியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அவள் தைத்த முதல் பிளவுஸ். "ரெண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டேன் மதினி, எவ போடுவா இத?" என்று அதைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள். தலை கலைந்திருக்கிறது, பின்னால் குக்கர் கத்துகிறது. வேறு எடுக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள், எனக்கு.

கிறிஸ்மஸுக்குப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போகிறேன் அம்மா. ராணியோடு தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்ப்பேன். நீ வாயைப் பொத்துவதற்கு முன்னாலேயே அவள் சிரித்துவிடுவாள், அடுத்து வருவது அவளுக்குத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டுதான் வரும். இருந்தாலும் எழுந்து போக மாட்டேன்.

ஒரு மார்க்கும் குறைக்காத உன் மகள்,
ராணிக்கு மதினி.