சுண்ணாம்பு நீரில் இட்ட முட்டைகள் குறித்துத் தங்கைக்கு வரைந்த ஓலை

மழை வழுவாதிருக்க, மலை நிலைத்திருக்க.

கருமலை நாட்டின் காவலரும், ஏழு சுனைகளுக்கு உரியவரும், யானைக்கொடி உயர்த்தியவருமாகிய நெடுவேற்கோமான் யாம், வெண்சங்குத் தீவின் பட்டத்தரசியும் எம் உடன்பிறந்த தங்கையுமாகிய அல்லியங்கோதைத் தேவியாருக்கு வரைவிக்கும் ஓலை. தேவியாரின் தீவில் வலைகள் நிறைக, உப்பளங்கள் விளைக, எம் மைத்துனராகிய அரையரின் தோள்வலி குன்றாதிருக்க. இவற்றை வழக்கத்துக்காக எழுதுவிக்கவில்லை. இவ்வோலையில் பின்னே வருவது வாழ்த்தாக இராது என்பதால், முதலிலேயே மனமாரச் சொல்லி வைக்கிறோம்.

தேவியாரின் ஓலை ஆடித் திங்களில் எம் கைக்கு வந்தது. பிறந்த வீட்டுக் கோழிமுட்டையின் சுவை இன்னும் நாவில் நிற்கிறதென்றும், சில சாடிகள் அனுப்பி வைத்தால் உண்டு மகிழலாமென்றும் அதில் எழுதியிருந்தது. வேறொரு குறையும் சொல்லப்படவில்லை. யாம் அகமகிழ்ந்தோம். சிறுபிராயத்தில் அவித்த முட்டையின் மஞ்சட்கருவை எம் இலையில் தள்ளிவிட்டு வெள்ளையை மட்டும் தின்ற தங்கைக்கு இப்போதுதான் முட்டையின் அருமை தெரிந்ததென்று அவையோர் நடுவே சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தால் நெஞ்சு சுடுகிறது.

மடைப்பள்ளித் தலைவி உலகம்மையை அழைத்துப் பணித்தபோது, முட்டைகள் சட்டிக்கா, அடைவைக்கவா என்று அவள் வினவினாள். யாம் தேவியாரின் ஓலையையே அவளுக்குப் படித்துக் காட்டச் செய்தோம். நாவையும் சுவையையும் கேட்டபின் அவள் வேறொன்றும் கேட்கவில்லை. சுண்ணாம்புக் குடத்தைக் கொணரச் சொன்னாள்.

அதன்பின் நடந்ததில் எம் கையும் உண்டு. காப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு மடைப்பள்ளியில் யாமே நின்றோம். அன்று காலை இட்ட முட்டைகளை மட்டும் எடுத்து, இரண்டிரண்டாகக் காதருகே மெல்லத் தட்டி, கீறல் ஓசை கேட்டவற்றை ஒதுக்கினோம். நீர் பட்டால் முட்டையின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும் என்பதால், கழுவப் போன பணிப்பெண்ணைக் கடிந்துகொண்டோம். சுண்ணாம்பைக் கரைத்து, அடியில் படியவிட்டு, தெளிந்த நீரைச் சாடிகளில் ஊற்றி, முட்டைகளைக் கூர்முனை கீழாக நிறுத்தி, நீர் அவற்றின் மேல் நிற்கும்படி பார்த்து, வாயைத் துணியாலும் மெழுகாலும் அடைத்தோம். அடுத்த கோடை வரையில் ஒன்றும் கெடாது என்று தேவியாருக்கு எழுதியதும் யாமே. படை நடத்திய நாளில்கூட எமக்கு அத்தனை பெருமிதம் வந்ததில்லை.

மரக்கலத் தலைவன் வங்கன் நேற்று மீண்டு வந்து அவையில் பணிந்தான். சாடிகள் உடையாமல் சேர்ந்தன என்றும், ஒரு முட்டையிலும் நாற்றமில்லை என்றும் சொன்னான். எம்மை மகிழ்விப்பதாக எண்ணிக்கொண்டு, தேவியார் சொல்ல வேண்டாமென்று தடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். தீவின் கோழிகளெல்லாம் கழிச்சல் நோயில் மாண்டன என்றான். மணல்திட்டில் ஒதுக்கி வைத்ததால் பிழைத்த சில அடைக்கோழிகளின் கீழே எம் முட்டைகளைத் தேவியார் தம் கையாலேயே வைத்தார் என்றும், குஞ்சு பொரித்ததும் குடிக்கு ஒரு சேவலும் ஒரு பேடும் தருவதாகப் பறையறைவித்தார் என்றும் கூறினான். தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து கூடைகளை எட்டிப் பார்த்துச் செல்கிறார்களாம்.

அவை எம் முகத்தைப் பார்த்தது. யாம் உலகம்மையைப் பார்த்தோம். முட்டையோட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டென்றும், கரு அவ்வழியேதான் மூச்சு வாங்குமென்றும், சுண்ணாம்பு அவற்றை அடைப்பதாலேயே முட்டை கெடாமல் நிற்கிறதென்றும், அப்படி அடைத்ததில் குஞ்சு உண்டாகாதென்றும் அவள் அழுதுகொண்டே விண்ணப்பித்தாள்.

இவ்விடத்தில், யாம் சொல்லச் சொல்ல எழுதும் எம் ஓலைநாயகம், தேவியார் என்றே தொடர வேண்டுமென்று நினைவூட்டினார். இனி வருவதை நீ என்றே எழுதும்படி பணித்தோம்.

அல்லி, ஏன் சொல்லவில்லை? புகுந்த வீட்டின் குறை பிறந்த வீட்டுக்குத் தெரியலாகாது என்று நினைத்தாய். எம் மைத்துனரை இங்கு எவரும் குறைவாகப் பேசிவிடக் கூடாதென்று வாயைக் கட்டிக்கொண்டாய். அந்த ரோஷம் நம் குடியின் ரோஷம்தான். அதை உனக்குக் கற்றுத் தந்தவர்களில் யாமும் ஒருவர். ஆயினும் கோழி செத்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால், கலம் நிறையச் சேவலும் பேடும் கூடையில் கூவிக்கொண்டே உன் கரைக்கு வந்திருக்கும். கோபம் வருகிறது. அதைவிட, உன் குடிகளின் முன் நீ நிற்கப்போகும் நாளை நினைத்தால் எமக்குச் சோறு இறங்கவில்லை.

கோழிகளை இன்றே அனுப்ப யாம் எழுந்தோம். ஐப்பசிக் காற்று எழுந்துவிட்டது, கலம் ஓடாது என்று வங்கன் காலில் விழுந்தான். துணிந்த பரதவன் ஒருவன் மட்டும் தன் சிறு தோணியில் இவ்வோலையைக் கொணர இசைந்தான். கோழிக்கூடையை ஏற்ற அவன் ஒப்பவில்லை. அலை நனைத்தால் கரை சேருமுன் சாகும் என்கிறான். ஆகவே காற்றுத் திரும்பும்வரை அவை எம் துறையிலேயே தீனி தின்று காத்திருக்கும். அதற்குமேல் இந்தப் பருவத்தில் எம்மால் ஆவதொன்றுமில்லை. முடிசூடியவர் இப்படி எழுத நேர்ந்தது பெருந்துயரம்.

இனி எம் கட்டளை. இவ்வோலை கிடைத்த அப்பொழுதே அடைக்கோழிகளை முட்டைகளிலிருந்து எழுப்பி நீரும் தவிடும் காட்டுக. முட்டை பொரியாதென்று அவற்றுக்குத் தெரியாது. நம்பி உட்கார்ந்தே மெலிந்து மடியும். அவையும் போனால் பிழைத்த இனமும் போகும். அடுத்து, கருமலைக் கோமான் அடைவைக்கத் தகாத முட்டைகளை அறியாமையால் அனுப்பினான், குற்றம் அவனுடையது, காற்றுத் திரும்பியதும் அவனே ஈடு செய்வான் என்று எம் பெயரால் தீவெங்கும் பறையறைவிக்க. நீ கேட்டது இன்னதென்று அங்கே எவரும் அறிய வேண்டியதில்லை. இங்கே உன் ஓலையை யாமே அடுப்பில் இட்டோம். எம் மைத்துனர் வினவினாலும் இதற்கு மாறு சொல்லற்க.

கருமலை அரண்மனையில் எம் வாய்மொழிப்படி எழுதி, படித்துக் கேட்டு, யானை முத்திரை இடுவித்தோம். கடல் அடங்குக, உன் குடி தழைக்க.

முத்திரைக்குப் பின் எம் கையால் கீறியது: அம்மா அல்லி, அடையில் வைத்தது போகச் சாடிகளில் மீந்த முட்டைகளை வீசிவிடாதே. பறை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடு, நீயும் உண். ஒன்றுகூடக் கெட்டிருக்காது. அப்படிப் பார்த்துப் பார்த்து அடைத்தவன் உன் அண்ணன்.