அப்பா, நீங்கள் கூப்பிடாத சிஞோரா

தெரு முனையிலேயே ஒருமுறை இருமி, வந்துவிட்டேன் என்று வீட்டுக்குச் சொல்லும் என் அப்பாவுக்கு,

இப்போதும் தெரு முனையில் யார் இருமினாலும் அம்மா அடுப்படியிலிருந்து தலை நிமிர்ந்து பார்க்கிறார். போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். சரியாகத்தான் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ் வகுப்பு மலரில் போடுவதற்கு இந்தக் கடிதத்தை டீச்சர்தான் எழுதச் சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் எழுதுவதை யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். "அப்பா வாசிப்பார்" என்றார். அதற்குமேல் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுதான் வாய் வந்தது?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். லூஸைப் பற்றியது. கோபிக்காமல் கடைசிவரை கேளுங்கோ.

மலரை வாசிப்பவர்களுக்கு அவரைத் தெரியாது. லூஸ் ஈக்வடோர் நாட்டுக்காரர், தெருவில் எல்லோரும் மரியாதையாகச் சிஞோரா என்று கூப்பிடும் பெண். இத்தாலிக்கு வந்து, போர்கோ வெக்கியோவில் எங்கள் வீட்டுக்கு எதிரே கடை வைத்திருக்கிறார். மரவள்ளிக்கிழங்கு, பச்சை வாழைக்காய், தேங்காய்ப்பால் ரின் எல்லாம் அங்கே இருக்கும். அவர்கள் ஆட்களும் வாங்குவார்கள், எங்கள் ஆட்களும் வாங்குவார்கள். வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்க்கும் பெண்களுக்கு, அந்த முதியவர் கண்ணை மூடினால் அன்றைக்கே வேலையும் போய்விடும், படுக்கிற இடமும் போய்விடும். அப்படிப் பையோடு தெருவுக்கு வந்த பெரு நாட்டுப் பெண்களும் ஈக்வடோர் நாட்டுப் பெண்களும் லூஸின் கடைப் பின்னறையில், மா மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருக்கிறார்கள். வாழைக்காய் நிறுக்கும்போதே வருகிறவர்களிடம் விசாரித்து அவர்களுக்கு வேறு வேலை பிடித்துக் கொடுப்பார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பயந்தவர்களோடு, கடையைப் பூட்டிவிட்டுக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகம் வரை போவார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் உங்களுக்கு அவ்வளவு கோபமோ?

வெளிநாட்டவர்களுக்கென்று நகரசபை ஓர் ஆலோசனைச் சபை வைத்தபோது எங்கள் பகுதிக்கு நீங்களும் தேர்தலில் நின்றீர்கள், அவரும் நின்றார். இருவரும் கேட்டது ஒரே அறையைத்தான். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தின் கீழறை, கிழமையில் ஒருநாள் மட்டும். நீங்கள் ஞாயிறு என்றீர்கள், பிள்ளைகள் தமிழ் படிக்க. அவர் வியாழன் என்றார். வீடுகளில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு நடுக்கிழமையில் வியாழன் பின்னேரம் மட்டும்தான் ஓய்வு. மழை பெய்தாலும் அவர்கள் பொலித்தெயாமா சதுக்கத்து வாங்கில்களில்தான் இருந்தார்கள்.

அவர் வென்றார். அறை வியாழனுக்குப் போனது. எங்கள் பெண்களிலும் பாதிப்பேர் அவருக்குத்தான் போட்டார்கள் என்று தமிழ்ச் சங்கத்தில் உங்களோடு இருந்த நவம் மாமா வந்து சொன்னார். அம்மா யாருக்குப் போட்டார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் லூஸ் ஒரு பை மரவள்ளியோடு கைகொடுக்க வந்தார். நீங்கள் வாசலை மறித்துக்கொண்டு நின்றீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் இருவரும் இத்தாலியனில் கதைத்தது எனக்குள் தமிழில்தான் கிடக்கிறது.

"உம்மடை வெற்றியோடை அங்கையே நில்லும். நான் கூப்பிடாமல் என்ரை வாசல் ஏறவேண்டாம்."

"சரி, சிஞோர். கூப்பிடும் மட்டும் ஏறமாட்டன்."

அன்றையிலிருந்து அந்தக் கடை மரவள்ளி எங்கள் வீட்டில் வேகக்கூடாது என்றீர்கள். அம்மா கபோ சந்தையில் வாங்கியது என்று சொல்லி அவித்தார். நீங்கள் சம்பலோடு சாப்பிட்டுவிட்டு, "பாத்தியே, கபோ மரவள்ளியெண்டால் மாவாய் அவியும்" என்றீர்கள். இந்தப் பக்கத்தில் நாங்கள் மரவள்ளி வாங்கக்கூடிய கடை லூஸின் கடை ஒன்றுதான், அப்பா. இனியும் மறைத்து என்ன?

உங்களை முன்னறையில் கிடத்தியிருந்த அன்று, ஆபிரிக்காப் பக்கமிருந்து சுடுகாற்று அடித்தது. லூஸ் கடையைப் பூட்டி, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, எங்கள் வாசலுக்கு முன்னால் தெருவில் நின்றார். உள்ளே வரவில்லை. வருகிறவர்களும் போகிறவர்களும் அவரைச் சுற்றித்தான் நடந்தார்கள்.

"பாருங்கோ அவவின்ரை பெருமையை. தெருவிலை நிண்டு புதினம் பாக்கிறா" என்றார் ஒரு மாமி.

"வெண்ட ஆள் எல்லே. குனிஞ்சு உள்ளுக்கை வருவாவே" என்றார் இன்னொருவர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் அந்த வெயிலைப் பார்க்க முடியாமல் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டு போனேன். குடித்தார். கிளாசைத் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் வாசற்படியைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்களைக் கொண்டுபோகும்வரை அவர் நிழலுக்குக்கூட ஒதுங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ஒருநாள் உப்பு வாங்க அவர் கடைக்குப் போனேன். அன்றுதான் முதன்முறையாக அவர் என்னோடு ஆறுதலாகக் கதைத்தார்.

"அண்டைக்குத் தண்ணி தந்தாய், நன்றி. வேறை ஒண்டும் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை."

"என்ன?"

"உள்ளுக்கை வா எண்டு. உன்ரை அப்பா கூப்பிடாமல் ஏறமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அவர் இனிக் கூப்பிட ஏலாது. நீயோ அம்மாவோ கூப்பிட்டால் காணும் எண்டு நினைச்சன்."

உப்புப் பையைக் கீழே வைத்தேன். எங்கள் செத்தவீட்டில் யாரையும் வாங்கோ என்று சொல்வதில்லை, அது கூடாத சொல், மனமுள்ளவர்கள் தாங்களாகவே வருவார்கள் என்று தட்டித்தடவிச் சொன்னேன்.

"அப்ப செத்தவீட்டுக்குக் கூப்பிடாமலே வரலாமோ?"

"கூப்பிடாமல்தான் வரவேணும்."

"அப்ப நான் அந்த வெயிலிலை சும்மாவோ நிண்டனான்?"

சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே அரிசி மூட்டையில் இருந்து, ஏப்ரனால் கண்ணைத் துடைத்தார். "உன்ரை அப்பா கேட்டிருந்தால் நல்லாச் சிரிச்சிருப்பார்" என்றார்.

பிறகு மற்றக் கதையைச் சொன்னார். நகரசபை ஞாயிறும் அந்த அறையைத் தரச் சம்மதித்திருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்தான் கேட்டிருக்கிறார்.

"வியாழன் நான் கேட்டது. ஞாயிறு உன்ரை அப்பா கேட்டது. அவருக்கு விழுந்த வாக்கும் மனிசர் போட்ட வாக்குத்தானே. ஆனால் பூட்டித் திறக்கிற திறப்புக்கு உங்கடை ஆக்களிலை ஒருத்தர் பொறுப்பு நிக்கவேணும். இந்தக் கிழமைக்குள்ளை ஆள் இல்லையெண்டால் அறையை வேறை ஆக்களுக்குக் குடுத்திடுவினம்."

அப்பா, நீங்கள் போனபின் தமிழ் வகுப்பு நின்றுபோயிருந்தது. எங்கள் முன்னறையில்தானே நடந்தது. உங்களைக் கிடத்திய இடத்தில் இருந்து எழுதப் பிள்ளைகள் பயந்தார்கள். மேல்வீட்டுச் சின்னவள் இப்போது என்னோடும் இத்தாலியனில்தான் கதைக்கிறாள்.

உங்களுக்குப் பின் சங்கத்தைப் பார்க்கும் நவம் மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொப்பரைத் தோற்கடிச்சவவிட்டை நாங்கள் கை நீட்டித் திறப்பு வாங்கிறதோ? அந்தாளின்ரை படத்துக்கு முன்னாலை நிண்டு இதைச் சொல்லு பாப்பம்."

வீட்டுக்கு வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நின்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே நவம் மாமா சொன்னதைக் கேட்டார்.

"நவத்தாற்றை வீட்டிலை பெரிய ஹோல் கிடக்கு. பிள்ளையளை அங்கை இருத்திப் படிப்பிக்கட்டும். ஏலாதெண்டால் பேசாமல் இருக்கட்டும்" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தாலா என்று தெரியவில்லை.

நான் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கேட்டது வெற்றியையா, ஞாயிற்றுக்கிழமையையா, அப்பா? வெற்றி என்றால் நான் செய்யப் போவது உங்களுக்குத் துரோகம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அதை வாங்காமல் விடுவதுதான் துரோகம். அன்று முழுவதும் உங்கள் இருமலுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞோராவிடம் கேட்டு வெளிக்கிட்டு, லூஸின் கடைக்குப் போனேன். எனக்குப் பதினெட்டு வயதாகிவிட்டபடியால் நகரசபைப் படிவத்தில் கையெழுத்துப் போடலாம் என்றார். போட்டேன். திறப்பைக் கையில் வாங்கியபோது, உங்கள் பையில் கிடக்கும், நீங்கள் படி கழுவிய மாடிவீடுகளின் திறப்புக்கொத்து ஞாபகம் வந்தது. அதைவிட இது பாரமாக இருந்தது.

முதல் ஞாயிறு அறையைத் திறந்து கூட்டினேன். டீச்சர் வந்தார். பிள்ளைகள் படிகளில் இத்தாலியனில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். நவம் மாமா தன் பேத்தியைக் கொண்டுவந்து விட்டார். "நான் சும்மா இந்தப் பக்கம் வந்தனான்" என்று சொல்லிவிட்டு, ஆடிக்கொண்டிருந்த ஒரு வாங்கிலின் காலுக்குக் கடதாசி மடித்து வைத்தார்.

அப்போது பார்த்தேன். லூஸ் வாசலுக்கு வெளியே நிற்கிறார். ஒரு கையில் மரவள்ளிப் பை. மற்றக் கையால் வெயிலுக்கு நெற்றியை மறைத்திருந்தார். இது நகரசபையின் கட்டடம். வியாழக்கிழமைகளில் அவரே திறந்து பூட்டுகிற கதவு. ஆனாலும் படிக்கு வெளியேதான் நின்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசலுக்குப் போனேன். இத்தாலியனில் ஒரு சொல்லும் வரவில்லை. வந்தது தமிழ்தான்.

"வாங்கோ" என்றேன்.

அவருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் செருப்பைக் கழற்றிப் படியில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அப்பா, ஓராண்டு முடியும் உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. செத்தவீடு போலில்லை, அதற்கு ஆட்களைக் கூப்பிடலாம் என்று அம்மா சொல்கிறார். அன்றைக்கு நான் தெருவைக் கடந்து அந்தக் கடைக்குப் போய், லூஸை எங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவேன். நீங்கள் கூப்பிட்டதாகத்தான் சொல்லுவேன். உங்கள் படையலில் அவர் கடை மரவள்ளி இருக்கும். இந்தமுறை கபோ என்று பொய் சொல்லமாட்டோம். விருப்பமில்லை என்றால் தெரு முனையில் நின்று ஒருமுறை இருமுங்கோ. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருப்போம்.

உங்கள் வாசலை இப்போது பார்த்துக்கொள்ளும்
மூத்த மகள்,
வினோதா