மஞ்சள் சோறு போன வீடுகள்

செமாராங், இந்தோனேசியா
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வெனிங்குக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லை. அம்மாவின் முழங்கால்கூட இந்த மாதம் பரவாயில்லை. என் ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதற்குக் காரணம் உப்பு இல்லை. காரணத்தைத் தொலைபேசியில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ கூப்பிட்டால் அம்மா ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் மகன் நீ ஆய்வு செய்த தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கிறான். அதனால்தான் நாளை அங்கே ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்படும் நம் தெரிந்த பெண் நிங்ரும் கையில் இந்தக் கடிதத்தை ஒட்டிக் கொடுக்கிறேன். பயப்படாதே என்று முதலில் எழுதி, பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். நானே நடுங்கிக்கொண்டு உன்னைப் பயப்படாதே என்பது எனக்கே சரியாகப் படவில்லை.

உன் கட்டுரையை அந்த ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது என்று நீ சொன்ன அன்று அம்மா என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியும், நன்றிப் படையல் போட்டாள், நீயும் சந்தோஷப்பட்டாய். வேலை நிரந்தரமாகுமா என்பது இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்தே அவள் நேர்ந்துகொண்டிருந்தாள். மஞ்சள் சோறு, கோழி, சோயாத் தெம்பே வறுவல், முட்டை எல்லாம் அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே உன் பெயரும் ‘ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கு நன்றி’ என்ற வரியும் அச்சடித்த ஒட்டுத்தாள் ஒட்டி, நம் சந்து முழுக்க அனுப்பினாள். அதோடு நிற்கவில்லை. போன பெருநாள் விடுமுறையில் நம் முன்னறையில் உட்கார்ந்து உன் ஆய்வுக்காக உன்னிடம் பேசிவிட்டுப் போன தொழிற்சாலைக்காரர்கள் வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறாள். உதவி செய்தவர்களுக்குச் சோறு அனுப்பாமல் எப்படி விடுவது என்பது அவள் நியாயம். எனக்கும் அப்போது அது தப்பாகத் தோன்றவில்லை. அவர்கள் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று நீ ஒவ்வொருவருக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் வைத்தாய், ஒலிப்பதிவுகளைப் பூட்டி வைத்தாய், என்னிடம்கூட ஒரு பெயரைச் சொல்லவில்லை. யார் யாருக்குத் தேநீர் கொடுத்தோம் என்று அம்மாவுக்குத் தெரியும் என்பதை மட்டும் நாம் மூன்று பேரும் யோசிக்கவில்லை.

அந்தப் பெட்டிகளைச் சிலர் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குத் தொழிற்சாலைக்கே எடுத்துப் போய்விட்டார்கள். கொள்முதல், கிடங்கு, கணக்கு, தரப் பரிசோதனை என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பிரிவுகள், ஒரே பெட்டி, ஒரே பெயர். கிடங்கில் கேலிக்குப் பேர்போன கிமின் என்பவர் கேன்டீன் நடுவில் எழுந்து நின்று, “யாருங்க இந்த டாக்டரம்மா, ஒரே பொண்ணுக்கு இத்தனை டிபார்ட்மென்ட்ல சொந்தக்காரங்களா, எனக்கு மட்டும் சித்தப்பா ஸ்தானம் குடுக்க மாட்டாங்களா” என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்கிய வாரமே, நீ மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தை அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் யாரோ படித்துவிட்டு, இது நம் எந்தக் கிளை, யார் பேசியது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சிங்கப்பூரில் இருக்கும் வட்டார அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் விசாரிக்க வருகிறார். அவர் கையில் இருப்பது சுருக்கமும் உன் பெயரும்தான். ஆனால் உன் பெயர் ஒட்டிய பெட்டியைப் பார்த்தவர்கள் அந்தக் கேன்டீன் முழுக்க இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பு சுலிஸ்த்யா. கொள்முதல் பிரிவில் இருக்கும் அம்மாள், உன்னிடம் மற்றவர்களைவிட அதிக நேரம் பேசியவர். போன செவ்வாய் மக்ரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். “பாக், நான் சண்டைக்கு வரல. உங்க வீட்டு இபு சமைச்சது ரொம்ப நல்லாருந்துச்சு, அத நான் ஆபீஸ்ல வச்சு சாப்பிட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்” என்றார். அம்மா உள்ளே கூப்பிட்டதற்கு, “வேணாம் இபு, வண்டி இங்க நிக்கிறத யாராவது பாத்தா அது வேற” என்றார். கிளம்பும்போதுதான் குரல் மாறியது. “வீட்டுக்காரர் படுத்த படுக்கை. என் வேலை போச்சுன்னா அவரு மருந்தும் போச்சு. பாப்பாகிட்ட சொல்லுங்க பாக், திட்டறதுக்காக இல்ல, தெரிஞ்சிருக்கட்டும்னு.” உன்னைப் பாப்பா என்றுதான் சொன்னார். நான் சரி சரி என்றேன். அவர் வண்டி சந்து முனை திரும்பும் வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஆறுதலாக ஒன்று சொல்லத் தெரியாத மனிதன் இத்தனை வருடம் கல்லூரியில் என்ன பாடம் நடத்தினேன் என்று இருந்தது.

அம்மா அன்று அழுதாள். மறுநாள் காலை அழுகை நின்றுவிட்டது, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “கொஞ்சம் பேருக்குக் குடுத்ததாலதான சந்தேகம், எல்லாருக்கும் குடுத்துட்டா?” என்றாள். இது ரூவா, நோன்பு மாதத்துக்கு முந்தின மாதம், வீட்டுக்கு வீடு சோறு போகிற நாள்தான், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், மிச்ச ஒட்டுத்தாளும் இருக்கிறது என்றாள். நான் புள்ளியியல் நடத்தியவன், ஒரு கூட்டத்துக்குள் சிலரை மறைப்பது எப்படி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியவன், எனக்கு இது தோன்றவில்லை. ஆனாலும் முதல் தடவை விட்டுப்போனவர்களுக்கு இப்போது தேடிப் போய்க் கொடுப்பதே சந்தேகத்தைக் கிளப்பும் என்று எதிர்த்தேன். “நீங்க கணக்குப் போட்டுக்கிட்டே இருங்க, நான் அரிசி ஊறப்போடறேன்” என்று போய்விட்டாள். காவலாளிகள், லாரி ஓட்டுநர்கள், கேன்டீன் பெண்கள், இரண்டு ஷிப்டும், அந்தக் கிமினுக்கு மேலே ஒரு முட்டை அதிகமாக, எல்லாருக்கும் போயிற்று. கிளைத் தலைவர் பாக் பிரஸ்தொவோவின் வீட்டுக்கு மட்டும் நான்தான் கொண்டுபோக வேண்டும், பெரிய பதவியில் இருக்கிறவருக்கு வீட்டு ஆண்பிள்ளை போய்க் கொடுப்பதுதான் மரியாதை என்று பெட்டியை என் கையில் வைத்துவிட்டாள்.

வெனிங், எனக்குக் கதவு தட்டுவது என்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவர் வீட்டு முன்னால் இரண்டு தடவை நடந்துபோய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். கைலியும் பனியனுமாக இருந்தார், தனியாக. பெட்டியை வாங்கி ஒட்டுத்தாளைப் படித்தார். “போன தடவ எனக்கு வரலயேன்னு வருத்தமா இருந்துச்சு, ஆசிரியரே” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் எல்லாம் தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. உட்கார வைத்தார். ஆய்வுக்கு அனுமதி கொடுத்தவர் என்பதால் நீ வாக்குக் கொடுத்தபடி அவருக்கு மட்டும் முழுக் கட்டுரையையும் அனுப்பியிருக்கிறாய் அல்லவா, அதை அகராதி வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். “தலைமை அலுவலகம் எல்லா நாட்டுக்கும் ஒரே முறைனு சொல்லுது, கிளை தலையாட்டிட்டு வேலை நடக்கிற வழியில நடத்துது. சரியாத்தான் எழுதியிருக்கு உங்க பொண்ணு. அதான் பிரச்சினையே” என்றார்.

பிறகு அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். “நான் யாரையும் காட்டிக் குடுக்க மாட்டேன். நல்லவன்னு நெனச்சுடாதீங்க. ஒருத்தரக் காட்டினா அவங்க சொன்னது உண்மைன்னு ஆயிடும். உண்மைன்னு ஆனா, மேல போன அறிக்கையில எல்லாம் யாரு கையெழுத்துனு பாப்பாங்க. எல்லாம் என் கையெழுத்து.” யாரைப் பார்த்து நான் பயந்துகொண்டு போனேனோ அவர் என்னைவிடப் பயந்துபோய் இருந்தார். அதில் எனக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை. பெட்டிகளைப் பற்றிக் கேட்டால் ரூவா மாதச் சோறு, எனக்கும்தான் வந்தது என்று சொல்லிக்கொள்வேன் என்றார். ஆனால் ஒன்று மட்டும் அவரால் மறைக்க முடியாது என்றார். “கட்டுரையில அந்தக் கடல்தண்ணி வர்ற பத்தி.”

எந்தப் பத்தி என்று உனக்குப் புரிந்திருக்கும். கடல் ஏறித் துறைமுகச் சாலையை மூடுகிற நாட்களில், தலைமை அலுவலகத்தின் கணினிமுறையை நிறுத்திவிட்டு, பக்கத்து ஊர்ப் பட்டறைகளில் தொலைபேசியிலேயே உதிரிப்பாகம் வாங்குவது, அதை மேலே ‘பராமரிப்பு நிறுத்தம்’ என்று தெரிவிப்பது, அந்தப் பகுதி. “தென்கிழக்கு ஆசியாவில ஒரு கிளைன்னு போட்டா அஞ்சு கிளையில எதுவா வேணா இருக்கலாம். ரோட்டுல கடல் வர்ற கிளை எது? ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு போன் எடுக்கிறது யாரு? அதுவும் ஒண்ணே ஒண்ணு” என்றார். அந்த ஒன்று பு சுலிஸ்த்யா. கட்டுரை முழுசாக அச்சில் வந்துவிட்டால் அம்மா இந்த ஊருக்கே சோறு போட்டாலும் அவரை மறைக்க முடியாது.

கடைசித் திருத்தப் படி இப்போது உன்னிடம்தான் இருக்கிறது என்று போன வாரம் சொன்னாய். மதிப்பீட்டாளர்கள் இருவருமே பாராட்டியது அந்தப் பத்தியைத்தான், கட்டுரையே அதன்மேல்தான் நிற்கிறது என்று இதழாசிரியர் எழுதியதையும் நீதான் வாசித்துக் காட்டினாய். இந்த நேரத்தில் அதை எடுத்தால் அவர் கட்டுரையையே திருப்பி அனுப்பலாம் என்பதும், உன் வேலையை முடிவு செய்யும் குழு வசந்தகாலத்தில் கூடுகிறது என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. பாக் பிரஸ்தொவோவிடம் வாங்கி வந்த படியில் நேற்று ஒரு வெள்ளைத் தாளால் அந்தப் பத்தியை மூடி வைத்துக்கொண்டு மேலும் கீழும் படித்துப் பார்த்தேன். அது இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறது என்று உனக்கு எழுத ஆசைப்பட்டேன். நன்றாக இல்லை. நொண்டுகிறது. மற்றதெல்லாம் கேள்விப்பட்டது போலவும் அது ஒன்றுதான் கண்ணால் பார்த்தது போலவும் இருக்கிறது. தகப்பன் என்பதற்காக நான் அதை மாற்றிச் சொல்லக் கூடாது.

இருந்தாலும் அந்தப் பத்தியை எடுத்துவிடு, மகளே. உன் படிப்பிலும் வேலையிலும் நான் இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரியும் என்று நான் நினைத்ததில்லை. இப்போதும் தெரியாது. இதைவிட நல்ல வழி உனக்குத் தெரியலாம், அப்படியானால் அதைச் செய். ஊரை மாற்றிவிடலாம், வெள்ளத்தை மழை வெள்ளம் ஆக்கிவிடலாம் என்று பாக் பிரஸ்தொவோ யோசனை சொன்னார். நடக்காததை நடந்ததாக நீ எழுதமாட்டாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அதை மட்டும் திக்காமல் சொன்னேன். எடுப்பதானால் இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்திலும் கடல் என்றோ தண்ணீர் என்றோ ஒரு சொல்கூட வரவேண்டாம்.

பதிலை நம் குடும்ப வாட்ஸப்பில் போடாதே, உன் அத்தை எல்லாவற்றையும் உரக்கப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது புதுக் குடை வாங்கினேன் என்று பேச்சோடு பேச்சாகச் சொல், எடுத்துவிட்டாய் என்று புரிந்துகொள்வேன். வேளாவேளைக்குச் சாப்பிடு, இருட்டின பிறகு சைக்கிளில் போகாதே, எந்த முடிவானாலும் தூங்கி எழுந்து எடு. இறைவன் உன் அறிவையும் உன்னை நம்பிப் பேசியவர்களையும் காப்பானாக. நீ எதை முடிவு செய்தாலும் என் மகள்தான், அதில் மாற்றமில்லை. குடையைப் பற்றி நீ பேசவில்லை என்றால், கட்டுரை அச்சில் வருவதற்கு முன்னாலேயே பு சுலிஸ்த்யா வீட்டுக் கதவைத் தட்டி நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவை அனுப்பமாட்டேன்.

உன் அப்பா,
சுகெங் மார்த்தொனோ